ஆடாமலே போன ஆட்டக்காரர்: ஷேடன் ஷார்ப், ஜான் கலிபாரி, கென்டக்கி ரசிகர்களின் கோபம்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2022 ஜூன் 23 அன்று நடந்த டிராஃப்டில் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி 7-வது தேர்வாக ஷேடன் ஷார்ப்பை எடுத்தது. பெயருக்குப் பக்கத்தில் கல்லூரி என்ற இடத்தில் கென்டக்கி பல்கலைக்கழகம் என்று இருந்தது. கென்டக்கி உடையில் ஒரு போட்டியில்கூட அவர் களமிறங்கியதில்லை. சில மாதம் பயிற்சி செய்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், போய்விட்டார்.

கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டன் நகரத்து ரசிகர்களுக்கு இது இலவு காத்த கிளியின் கதையாக முடிந்தது. கோபம் முழுக்கப் பயிற்சியாளர் ஜான் கலிபாரியின் மேல் திரும்பியது. "சீசன் நடுவில் இறக்கியிருக்க வேண்டும்" என்றனர் சிலர். "அடுத்த வருடம் ஆடுவார் என்று நம்பவைத்து ஏமாற்றிவிட்டார்" என்றனர் வேறு சிலர். "என்.பி.ஏ.வுக்குப் போகிறவர்கள் தங்கிப்போகும் சத்திரமாக நம் அணியை ஆக்கிவிட்டார்" என்றும் ஒரு குரல் எழுந்தது. மூன்றும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். ஒன்றுக்கான ஆதாரம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் உண்மையான தவறு எங்கே நடந்தது என்பது மறைந்துபோனது.

நடந்தது என்ன

ஷார்ப் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரைச் சேர்ந்தவர். 2003 மே 30 பிறப்பு. அரிசோனாவில் டிரீம் சிட்டி கிறிஸ்டியன் பள்ளிக்காக ஆடினார். 2021 கோடையில் பள்ளி வயது வீரர்களுக்காக நைக்கி நடத்தும் இ.ஒய்.பி.எல். போட்டிகளில் அவர் ஆடிய ஆட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தரவரிசையில் எங்கோ இருந்தவர் சில மாதங்களில் 2022 வகுப்பின், அதாவது அந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் பள்ளி வீரர்கள் பட்டியலின், முதலிடத்துக்கு ஏறினார். அந்த செப்டம்பரிலேயே கென்டக்கிக்கு வாக்குக் கொடுத்தார்.

2022 இலையுதிர் பருவத்தில்தான் வருவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, 2022 ஜனவரியிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். முன்கூட்டி வந்து பயிற்சி எடுக்கிறார், அடுத்த சீசனுக்குத் தயாராகிறார் என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட திட்டம். சேர்ந்த சூட்டோடு சூடாக வேறொரு செய்தி வந்தது: இவர் 2022 டிராஃப்டிலேயே பங்கேற்கத் தகுதி உள்ளவர். அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் ஒன்றாக ஓடின. இந்த சீசனில் ஆடுவாரா? ஆடாவிட்டால் அடுத்த சீசன் வரை இருப்பாரா?

முதல் கேள்விக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் பதில் வந்தது. இந்த சீசனில் ஆடமாட்டார், அடுத்த சீசனில் அணியை வழிநடத்தத் தயாராகிறார் என்று கலிபாரி அறிவித்தார். மார்ச் 17 அன்று இண்டியானாபொலிஸில், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியத் தொடரின் முதல் சுற்றில், 2-ம் நிலை அணியான கென்டக்கி 15-ம் நிலை அணியான செயின்ட் பீட்டர்ஸிடம் கூடுதல் நேரத்தில் 85-79 என்று தோற்றது. ஏப்ரல் 21 அன்று ஷார்ப் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். கல்லூரிக்குத் திரும்பும் தகுதியை அப்போது கைவிடவில்லை. ஜூன் 1 கெடு வந்தபோது பெயரைத் திரும்பப் பெறவும் இல்லை.

விதியின் ஒரு வரி

டிராஃப்டுக்கு என்.பி.ஏ. ஒப்பந்தம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் வீரருக்கு 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பள்ளி வழியாக வந்தவர் என்றால், பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஒரு என்.பி.ஏ. சீசனாவது கழிந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஓராண்டு ஆட வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. "ஒரு வருடம் கல்லூரி" என்று நாம் பழகிப்போன பேச்சு இந்த இரண்டாவது நிபந்தனையின் நிழல்தான்.

ஷார்ப் விஷயத்தில் பலர் தடுமாறியது இங்கேதான். ரெக்ரூட்டிங் (கல்லூரிகள் பள்ளி வீரர்களைச் சேர்க்கும் வேலை) தரவரிசை அவரை 2022 வகுப்பில் வைத்திருந்தது. டிராஃப்டுக்கு அந்த வகுப்பு எண் எதற்கும் உதவாது. பள்ளிப் படிப்பு எப்போது முடிந்தது என்பதே கணக்கு. 2021 வகுப்போடு முடித்தவர் என்று கொண்டால், 2022 ஜூனில் ஒரு என்.பி.ஏ. சீசன் கழிந்திருக்கும். மே 30 அன்று 19 வயதும் நிறைந்துவிடும். இரண்டு பூட்டும் திறந்தாயிற்று. தரவரிசைப் பட்டியலில் உள்ள ஆண்டும் டிராஃப்ட் தகுதியின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்குப் பிறகு கூடுதலாக ஓராண்டு படிக்கும் வீரர்கள் விஷயத்தில் இந்த இடைவெளி அடிக்கடி வரும்.

கென்டக்கிக்கு இது புதிதும் இல்லை, அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஹமிடு டியாலோ இதே போல நடுவில் வந்து சேர்ந்தார். அவரும் பள்ளி முடித்துக் கூடுதல் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். அந்த சீசனில் ஒரு ஆட்டமும் ஆடாமல் ரெட்ஷர்ட்டாக (கல்லூரியில் ஆடும் தகுதி ஆண்டை இழக்காமல் ஒதுங்கியிருப்பவராக) இருந்தார், பயிற்சி மட்டும் எடுத்தார். இதே விதியின் வழியாக 2017 டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் சிகாகோ கம்பைன் முகாமில் கலந்துகொண்டார், கெடுவுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றுக் கென்டக்கிக்கே வந்தார். 2017-18 சீசன் முழுக்க ஆடி, 2018 டிராஃப்டில் 45-வது தேர்வாகப் போனார்.

ஒரே பயிற்சியாளர், ஒரே பாதை, ஒரே விதி. டியாலோ திரும்பி வந்ததால் அது புத்திசாலித்தனமான ஏற்பாடாகப் பேசப்பட்டது. ஷார்ப் வராததால் அதுவே துரோகமாகப் பேசப்பட்டது. பயிற்சியாளர் இரண்டு முறையும் எடுத்தது ஒரே முடிவு என்பதால், விளைவை வைத்து மட்டும் அவரை எடைபோட்டால் கணக்கு தப்பும். மறுபக்கம், 2017 அனுபவம் இருந்ததாலேயே 2022-ல் "இப்படி ஆகும் என்று தெரியாது" என்று சொல்ல கென்டக்கி தரப்புக்கு வழியில்லை. பின்னால் வரும் தீர்ப்புக்கு இதுதான் அடிப்படை.

இறக்கியிருக்க வேண்டுமா?

ரசிகர்களின் முதல் குற்றச்சாட்டில் சரக்கு உண்டு. ஜனவரி 22 அன்று ஆபர்ன் ஆட்டத்தில் டைடை வாஷிங்டன் கணுக்காலில் அடிபட்டார். பிப்ரவரி நடுவில் அவரும் சவீர் வீலரும் ஒரே நேரத்தில் காயத்தால் வெளியே இருந்தனர். பந்தைக் கொண்டுபோகும் இரண்டு முதன்மை கார்டுகளும் இல்லாத நாட்களில், நாட்டின் முதலிடத்து ரெக்ரூட் முழு உடல்நலத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ஜனவரியில் வந்த 18 வயதுப் பையனை பிப்ரவரியில் இறக்குவது என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். தாக்குதல் அமைப்புகள் ஜூன் முதல் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. தற்காப்பில் ஸ்கிரீன் வரும்போது, அதாவது எதிரணி வீரர் வழிமறித்து நிற்கும்போது, யார் மாற வேண்டும், யார் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது வார்த்தையால் பாடமாவதில்லை, ஐந்து பேரும் சேர்ந்து பழகியே வரும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது சொந்தப் பிரிவு அணிகளோடான ஆட்டங்கள், வாரத்துக்கு இரண்டு. அவற்றுக்கு நடுவே முழு வேகப் பயிற்சிக்குக் கிடைக்கும் நாட்கள் சொற்பம். ஜனவரி 29 அன்று கான்சாஸை அதன் சொந்த அரங்கில் 80-62 என்று வீழ்த்திய அணியின் சுழற்சியை அந்த நேரத்தில் கலைக்க எந்தப் பயிற்சியாளரும் இருமுறை யோசிப்பார். அந்த இரண்டு கார்டுகளும் இல்லாமலே அலபாமாவையும் எல்.எஸ்.யு.வையும் அந்த அணி வென்றது.

வீரர் தரப்புக் கணக்கு இன்னும் எளியது. ஏற்கெனவே முதல் பத்துத் தேர்வுக்குள் பேசப்படும் ஒருவர், பழக்கமில்லாத அமைப்பில் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இறங்கினால் மேலே ஏற இடம் கொஞ்சம், கீழே சறுக்க இடம் நிறைய. 7-வது தேர்வின் முதல் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 60 லட்சம் டாலர். தேர்வு வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் பல லட்சம் டாலர் குறையும். எனவே ஆடாமல் இருப்பது பயிற்சியாளர் மட்டும் எடுத்த முடிவாக இருந்திருக்க முடியாது. குடும்பமும் வீரரும் சேர்ந்துதான் இதை முடிவு செய்ய முடியும். அவர்கள் வேண்டாம் என்றால் வலுக்கட்டாயமாக இறக்க பயிற்சியாளரிடம் எந்த ஆயுதமும் இல்லை.

செயின்ட் பீட்டர்ஸ் தோல்விக்குப் பிறகு இந்தக் குற்றச்சாட்டு மிகப் பெரிதானது. அந்த ஆட்டத்தில் கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 30 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். உள்ளே கூடைக்கு அடியில் வேலை நடந்தது, வெளியே கார்டுகளின் பந்துதான் விழவில்லை. ஷார்ப் ஆடும் இடமும் அதுவே என்பதால் "அவர் இருந்திருந்தால்" என்ற பேச்சு தானாகவே எழுந்தது. ஒரு மாதம் கூட ஆட்டப் பழக்கம் இல்லாத வீரர் அந்த இரவைக் காப்பாற்றியிருப்பார் என்று நம்புவது ஆசை. அதை வைத்துப் பழி சுமத்த முடியாது.

கலிபாரியின் தவறு எங்கே

இரண்டாவது குற்றச்சாட்டில்தான் பயிற்சியாளர் உண்மையாகவே சிக்குகிறார்.

பிப்ரவரி அறிவிப்பு இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னது. இந்த சீசனில் ஆடமாட்டார் என்பது ஒன்று. அடுத்த சீசனில் இங்கே இருப்பார் என்ற பொருள்படும் பேச்சு மற்றொன்று. முதலாவதைச் சொல்லும் உரிமை பயிற்சியாளருக்கு உண்டு. இரண்டாவது அவர் கையில் இல்லை. ஜூன் 1 வரை மனம் மாற இடமுள்ள ஒரு முடிவை, அதுவும் வேறொருவருடைய முடிவை, நான்கு மாதம் முன்கூட்டியே ரசிகர்களிடம் உறுதி போலச் சொல்லிவிட்டார். விதி என்ன அனுமதிக்கிறது என்று டியாலோ விஷயத்திலேயே பார்த்தவர் அவர்.

"இவர் இந்த ஆண்டே போகத் தகுதி உள்ளவர். போவதும் இருப்பதும் ஜூன் 1-க்குள் தெரியும். இரண்டுக்கும் தயாராக இருக்கிறோம்" என்று ஜனவரியிலேயே மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் ஏப்ரலில் வந்தது ஏமாற்றமாக இருந்திருக்கும், ஏமாற்றுதலாகத் தெரிந்திருக்காது. ரெக்ரூட்டிங்கில் பயிற்சியாளர்கள் வழக்கமாக இதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. போகலாம் என்று வெளியே ஒப்புக்கொண்டால் வீரரை வழியனுப்பி வைப்பது போலாகிவிடும், அடுத்த ரெக்ரூட்டிடம் அதுவே வேறு மாதிரிப் போய்ச் சேரும் என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. விலை என்னவோ ரசிகர்களின் நம்பிக்கையில்தான் கழிந்தது.

இரண்டு கெடுக்கள், ஒரு காலி இடம்

பயிற்சியாளரின் வேலை எங்கே உண்மையில் கடினமாகிறது என்பதற்கு 2022 நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. ஒருமுறை மாற்ற விதியைக் கொண்டுவந்தது. வீரர் ஒரு தடவை, ஓராண்டு உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றது அது. 2022-ல் அந்தச் சலுகையோடு கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் பதிய மே 1 கெடு. டிராஃப்டிலிருந்து பெயரைத் திரும்பப் பெற என்.சி.ஏ.ஏ. வைத்த கெடு ஜூன் 1. என்.பி.ஏ.வின் சொந்தக் கெடு ஜூன் 13. ஆனால் கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவருக்கு ஜூன் 1-தான் கணக்கு.

அதாவது அந்த ஆண்டில் உங்கள் வீரர் போகிறாரா இருக்கிறாரா என்பது ஜூன் 1 அன்று தெரியும். மாற்று வீரர்கள் சந்தைக்கு வருவது மே 1-ல் நின்றுவிடும். நல்லவர்கள் மே நடுவுக்குள் வேறு இடம் பிடித்திருப்பார்கள். ஒரு அணிக்கு ஸ்காலர்ஷிப்போ அன்று 13-தான். காத்திருந்து இடத்தைக் காலியாக வைத்தால் வெறுங்கையோடு நிற்க நேரும். நிரப்பிவிட்டால், வீரர் திரும்பும்போது ஆட்ட நேரத்துக்கு இழுபறி வரும். பயிற்சியாளர்கள் பலர் மாட்டியது இந்தப் பொறியில்தான்.

இந்த இடத்தில் கலிபாரி தரப்பு தூங்கவில்லை. இல்லினாய் ஸ்டேட்டிலிருந்து அன்டோனியோ ரீவ்ஸைக் கொண்டுவந்தது. 2022-23-ல் ரீவ்ஸின் சராசரி ஆட்டத்துக்கு 14.4 புள்ளிகள், அடுத்த ஆண்டு 20.2. ஷார்ப் விட்டுப்போன இடத்துக்கு, அதே அளவு விண்ணைத் தொடும் திறமை இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டுகள் நம்பிக்கையாக எறிந்த ஒருவர் கிடைத்தார். புதிதாக வந்த கேசன் வாலஸ் 2023 டிராஃப்டில் 10-வது தேர்வாகப் போனார். கார்டுகள் வரிசை அந்த ஆண்டு ஏழ்மையாக இல்லை.

பணம் தடுத்திருக்குமா என்றும் கேட்கிறார்கள். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற என்.ஐ.எல். விதி வந்திருந்தது. ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிப்பதில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. காங்கோவிலிருந்து வந்த ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் பயணம் போனபோது அங்கே விளம்பர வேலைகளை முடித்தது அதனால்தான். வெளிநாட்டு வீரர்களைக் கல்லூரியில் இருக்கவைக்க அன்று பணத்தைத் தாராளமாக நீட்ட முடியாது என்பதை ரசிகர்கள் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

யாரும் கத்தாத புறப்பாடு

அதே 2022 வசந்தத்தில் இன்னொருவரும் கென்டக்கியை விட்டுப் போனார். முதல் ஆண்டு ஃபார்வர்டு பிரைஸ் ஹாப்கின்ஸ். அந்த சீசனில் அவருக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு, சராசரி 2.1 புள்ளிகள். பிராவிடன்ஸ் கல்லூரிக்கு மாறினார். அடுத்த சீசனிலேயே சராசரி 15.8 புள்ளிகள் அடித்து பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் முதல் அணியில் இடம்பிடித்தார்.

பயிற்சியாளரை நோக்கி விரல் நீட்ட வேண்டிய புறப்பாடு என்றால், எங்கள் கணிப்பில் இதுதான். ஷார்ப் இருந்திருந்தாலும் 2023-ல் போயிருப்பார், இழப்பு அதிகபட்சம் ஒரு சீசன். ஹாப்கின்ஸ் பல ஆண்டுகள் இருந்திருக்கக் கூடியவர். அவர் போனதற்கு விதியோ டிராஃப்டோ காரணமில்லை. ஆட்ட நேரம் பங்கிடுவது முழுக்க முழுக்கப் பயிற்சியாளர் கையில் உள்ள வேலை. திறமையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, பெஞ்சில் வைத்து, இன்னொருவருக்குக் கொடுத்தது அணித்திட்டத்தின் தவறு. ஆனால் முதலிடத்து ரெக்ரூட்டின் பெயருக்கு இருக்கும் வெளிச்சம் ஹாப்கின்ஸ் பெயருக்கு இல்லை. அதனால் சத்தமும் இல்லை.

2023 மார்ச் 17, செயின்ட் பீட்டர்ஸ் தோல்விக்குச் சரியாக ஓராண்டு. கிரீன்ஸ்போரோவில் என்.சி.ஏ.ஏ. முதல் சுற்றில் கென்டக்கிக்கு எதிரே நின்றது அதே பிராவிடன்ஸ், அதே ஹாப்கின்ஸ். ஷீப்வே 25 ரீபவுண்டுகள் அள்ளினார், கென்டக்கி 61-53 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து கான்சாஸ் ஸ்டேட்டிடம் 75-69 என்று தோற்று வீடு திரும்பியது.

கோபத்தின் பழைய பாக்கி

ஷார்ப் ஒருவருக்காக மட்டும் இத்தனை கொதிப்பு வந்திருக்காது. கென்டக்கி 8 தேசியப் பட்டங்கள் வென்ற அணி. கலிபாரி 2009-ல் வந்து 2012-ல் பட்டம் வென்றார், 2011 முதல் 2015 வரை நான்கு முறை இறுதி நால்வர் சுற்றுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு அந்தப் படியை அணி ஏறவில்லை. 2020-21-ல் 9 வெற்றி, 16 தோல்வி. அதைத் தொடர்ந்து செயின்ட் பீட்டர்ஸ். 2019-ல் போட்ட 10 ஆண்டு, 8.6 கோடி டாலர் ஒப்பந்தம் இருந்ததால் அவரை நீக்குவதும் எளிதல்ல. போக்கிடம் இல்லாத கோபம் கிடைத்த ஒவ்வொரு நிகழ்விலும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது குற்றச்சாட்டின் வேர் இங்கே இருக்கிறது. கலிபாரி வீரர்களைக் கவர்ந்ததே "இங்கே வாருங்கள், என்.பி.ஏ.வுக்குப் போவீர்கள்" என்ற வாக்கால்தான். 2010 டிராஃப்டில் கென்டக்கி வீரர்கள் ஐந்து பேர் முதல் சுற்றில் போன இரவை அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய நாள் என்று அவர் சொன்னது ரசிகர்களுக்குப் பல ஆண்டுகள் உறுத்தியது. பட்டம் வந்துகொண்டிருந்தவரை அந்த வாக்கு இனித்தது. 2012 பட்டமும் அதே வாக்கை நம்பி வந்தவர்களால்தான் கிடைத்தது. ஷார்ப்பின் புறப்பாடு அந்த வாக்கு தோற்றதால் வந்ததல்ல. அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அது அப்படியே நடந்தது.

2023 ஜனவரி 10 அன்று கென்டக்கியின் சொந்த அரங்கான ரப் அரீனாவில் சவுத் கரோலினா அணி கென்டக்கியை 71-68 என்று வீழ்த்தி, அதன் 28 ஆட்டச் சொந்த மண் வெற்றித் தொடரை முடித்தது. ரசிகர் ஒருவர் கலிபாரியைப் பார்த்து "தயவுசெய்து டெக்சஸுக்குப் போய்விடுங்கள்" என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தார். டெக்சஸ் பல்கலைக்கழகம் சில நாட்களுக்கு முன்புதான் தன் பயிற்சியாளரை நீக்கியிருந்தது. அரங்கப் பணியாளர்கள் அந்த ரசிகரை வெளியே அழைத்துப் போனார்கள்.

ஷார்ப் மீதும் வசைகள் விழுந்தன, அது நியாயமே இல்லை. விதி திறந்து வைத்த வாசல் வழியே 19 வயதில் ஒருவர் போனார். போர்ட்லாண்டில் முதல் சீசனில் 80 ஆட்டங்கள் ஆடி சராசரி 9.9 புள்ளிகள் எடுத்தார்.

அடுத்த ரெக்ரூட் கிளம்பும்போது

பழி யார் மீது என்று கேட்கும் முன் பார்க்க வேண்டியவற்றை இந்த நிகழ்வே காட்டித்தருகிறது. முதலில் பிறந்த தேதியும் பள்ளி முடித்த ஆண்டும். தரவரிசை வகுப்பை நம்பக் கூடாது. அடுத்து, போகும் இடம் எது: டிராஃப்டா, வேறு கல்லூரியா? டிராஃப்ட் என்றால் பயிற்சியாளரின் பங்கு சிறியது. வேறு கல்லூரி என்றால் அந்த வீரர் கடைசிப் பத்து ஆட்டங்களில் எத்தனை நிமிடம் ஆடினார் என்று எடுத்துப் பாருங்கள், பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கும். பிறகு, போனவரின் இடத்துக்கு மே மாத முடிவுக்குள் ஆள் வந்தாரா என்று பாருங்கள். கடைசியாக, பயிற்சியாளர் எதை எந்தத் தேதியில் சொன்னார், அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா என்று பாருங்கள்.

2024 மார்ச் 21 அன்று பிட்ஸ்பர்க்கில் 14-ம் நிலை அணியான ஓக்லாண்டிடம் கென்டக்கி 80-76 என்று தோற்றது. ஓக்லாண்டின் ஜாக் கோல்கி என்ற வீரர் 10 மூன்று புள்ளிப் பந்துகளைப் போட்டார். ஏப்ரலில் கலிபாரியே ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். கென்டக்கியில் சேர இருந்த பூகி ஃப்ளாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் மூவரும் அவரோடு போனார்கள். புதிய பயிற்சியாளராக வந்த மார்க் போப்பின் கையில் முந்தைய ஆண்டின் ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை.